அணை மட்டமும் விழித்திரைப் படமும்: கணிப்பைக் காட்சியாக்கி முடிவெடுப்பது எப்படி?

மதுரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காலை நாளிதழைப் பிரிக்கும் பலர், தலைப்புச் செய்திக்கும் முன்பாக, வைகை அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் சிறு பெட்டியைத் தேடிப் பார்ப்பார்கள். அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டியதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் கரையோர ஊர்களுக்கு விடுக்கப்படுகின்றன. இவ்வளவும் தெரிந்த ஒருவர் 'இன்று 65 அடி' என்று படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆற்றங்கரையில் மாடு கட்டியிருப்பவரானால், மாட்டை இன்றே மேட்டுக்கு ஓட்டிச் செல்ல வேண்டுமா, வேண்டாமா? அந்த எண் இதற்கு விடை தருவதில்லை. மூன்றே நாளில் 60 அடியிலிருந்து 65க்கு ஏறியிருந்தாலும், 67 அடியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டு 65க்கு இறங்கியிருந்தாலும், பெட்டியில் அச்சாவது அதே 65தான்.

கடந்த பத்து நாள் மட்டங்களை ஒரு தாளில் புள்ளிகளாக வைத்துக் கோட்டால் இணைத்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்ற கேள்வி பார்த்த நொடியில் தீர்ந்துவிடும். 66, 68.5, 69 ஆகிய உயரங்களில் குறுக்காக மூன்று கோடுகளையும் இழுத்துவிட்டால், அந்தத் தாள் வெறும் பதிவாக இல்லாமல் முடிவெடுக்கும் கருவியாகிவிடும். எந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதும் அதிலேயே இருக்கிறதல்லவா? எண்களை இவ்வாறு கண்ணுக்குப் புலப்படும் வடிவமாக்குவதையே தரவுக் காட்சிப்படுத்தல் என்கிறோம்.

இனி அடுத்த படி. நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்த மழை, முல்லைப் பெரியாறு அணையிலிருந்து வந்து சேரும் நீர், பாசனத்துக்குத் திறக்கப்படும் அளவு, பல ஆண்டுகளின் பழைய பதிவுகள் ஆகியவற்றை ஒரு கணினி நிரலுக்குக் கொடுத்து, அவற்றுக்கு இடையிலான தொடர்பை அதுவே கற்றுக்கொள்ளும்படி செய்தால், நாளையும் நாளை மறுநாளும் மட்டம் எவ்வளவு இருக்கக்கூடும் என்று அது கணித்துச் சொல்லும். தரவிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் இத்தகைய நிரலை 'மாடல்' என்பார்கள். செயற்கை நுண்ணறிவு என்று இன்று பேசப்படுவதில் பெரும்பகுதி இதுதான். அந்தக் கணிப்பை அதே தாளில், நேற்று வரை வந்த கோட்டின் தொடர்ச்சியாகப் புள்ளிக்கோடாக வரைந்துவிட்டால், இந்தக் கட்டுரையின் பொருள் முழுவதும் அந்த ஒரு தாளில் அடங்கிவிடுகிறது. நடந்ததும் நடக்கக்கூடியதும் ஒரே பார்வையில் தெரிகின்றன. மாட்டை அவிழ்க்கும் முடிவு மட்டும் பார்ப்பவரிடம் இருக்கிறது.

ஆனால் அந்தப் புள்ளிக்கோட்டை ஒற்றைக் கோடாக வரைவது நேர்மையாகாது. 'நாளை 66.4 அடி' என்று ஒரே எண்ணைச் சொல்லும் மாடல், தனக்குத் தெரிந்ததைக் காட்டிலும் கூடுதலாகச் சொல்கிறது. 65.5 முதல் 67.3 வரை எங்கும் இருக்கலாம் என்பதே அதன் உண்மையான கணிப்பு என்றால், கோட்டைச் சுற்றி அந்த அகலத்துக்கு ஒரு மங்கலான பட்டையைத் தீட்ட வேண்டும். நாள் தள்ளிப் போகப் போக அந்தப் பட்டை விரிந்துகொண்டே போகும். பட்டையின் மேல்விளிம்பு மட்டும் 66 அடிக் கோட்டை உரசுகிறதா, அல்லது பட்டை முழுவதுமே அதைத் தாண்டி நிற்கிறதா என்பது வேறு வேறு செய்தி. மாடு கட்டியிருப்பவருக்கு மேல்விளிம்பு உரசுவதே போதும். ஓட்டிச் சென்றுவிடுவார், இழப்பு ஒன்றுமில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டால் கோடையில் குடிநீருக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியவருக்கு அது போதாது. ஒரே கணிப்பைப் பார்த்து இருவர் இரு வேறு முடிவுக்கு வருவதும், இருவருமே சரியாக இருப்பதும் இப்படித்தான்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடி என்ற அளவே கண்ணை ஏமாற்றக்கூடியது. அணையின் அடிப்பகுதி குறுகலாகவும் மேற்பகுதி அகலமாகவும் இருப்பதால், மட்டம் 30 அடியிலிருந்து 31க்கு ஏறுவதற்கு வேண்டிய நீரைவிட, 69லிருந்து 70க்கு ஏறுவதற்கு மிக அதிக நீர் வேண்டும். பாதி உயரம் என்பது பாதித் தண்ணீர் ஆகாது. கண்மாயில் இறங்கிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். கேள்வி வெள்ளத்தைப் பற்றியது என்றால் அடியில் வரைய வேண்டும். குடிநீர் எத்தனை நாளுக்குத் தாங்கும் என்பது கேள்வி என்றால் கன அடியில் வரைய வேண்டும்.

படம் எதற்கு, கணினிதான் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுமே என்று கேட்பவர்களுக்குப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் உருவாக்கிய ஓர் எடுத்துக்காட்டு இன்றும் பதிலாக நிற்கிறது. அவர் நான்கு தரவுத் தொகுதிகளை அமைத்தார். ஒவ்வொன்றிலும் பதினொரு இணை எண்கள். நான்கிலும் முதல் எண்களின் சராசரி 9, இரண்டாம் எண்களின் சராசரி 7.5, இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவு, அதாவது ஒன்று கூடும்போது மற்றொன்றும் எந்த அளவுக்குச் சேர்ந்து கூடுகிறது என்ற அளவு, ஏறத்தாழ 0.816. கணக்கை மட்டும் பார்ப்பவர் நான்கும் ஒன்றே என்றுதான் சொல்வார். வரைந்து பார்த்தாலோ, முதலாவது ஒரு கோட்டைச் சுற்றிச் சிதறிய புள்ளிகள். இரண்டாவது அழகாக வளையும் ஒரு வில். மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் நேர்கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் துள்ளி மேலே நிற்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக அடுக்கப்பட்டிருக்க, தொலைவில் தனித்து நிற்கும் ஒற்றைப் புள்ளிதான் கணக்கு முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக்கு இதனால் என்ன என்றால், 'எங்கள் மாடலின் துல்லியம் 95 விழுக்காடு' என்று விளம்பரம் செய்யப்படும் எண்ணும் இப்படிப்பட்ட ஒரு சராசரிதான். மீதமுள்ள 5 விழுக்காட்டுப் பிழைகள் எல்லோரிடமும் சமமாகப் பரவிக் கிடக்கின்றனவா, அல்லது முதியவர்களிடமோ, மங்கலாக எடுத்த படங்களிலோ, ஏதோ ஒரு வட்டாரத்திலோ குவிந்து கிடக்கின்றனவா என்பதை அந்த எண் சொல்லாது. பிழைகளை வயது வாரியாக, இடம் வாரியாகப் பிரித்து வரைந்து பார்த்தால்தான் தெரியும்.

அப்படியானால் மாடல் எதற்கு என்ற எதிர்க்கேள்வியும் நியாயமானதே. மனிதக் கண் ஒரு படத்தில் மூன்று நான்கு கூறுகளை ஒருசேரப் பிடிக்கும், நாற்பதைப் பிடிக்காது. ஒரு படத்தைக் கூர்ந்து பார்க்கும். லட்சம் படங்களைச் சலிக்காமல் பார்க்காது. இந்த இடத்தில்தான் மதுரைக்கு நெருக்கமான ஒரு வரலாறு உதவிக்கு வருகிறது.

1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசுவாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் முகாம் நடத்தி நோயாளிகளைத் தேடிச் செல்வதற்குப் பெயர் பெற்றது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்படுவதில் ஒரு சிக்கல் உண்டு: பார்வை குறைவதை நோயாளி உணரும்போது பல நேரங்களில் காலம் கடந்திருக்கும். முன்கூட்டியே அறிய விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். படமெடுப்பது எளிது, படித்துச் சொல்லத் தேர்ந்த மருத்துவர் வேண்டும். கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவிலிருந்தும், அரவிந்த் உள்ளிட்ட மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் பெற்ற 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு மாடலைப் பயிற்றுவித்திருந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை வரை, 54 பேர் கொண்ட கண் மருத்துவர் குழு, நோய் எந்த அளவில் இருக்கிறது என்று தரம் பிரித்துக் கொடுத்திருந்தது. அதாவது மாடல் கற்றது மனிதர்களின் தீர்ப்பைத்தான்; இதை மறந்துவிட்டு 'இயந்திரமே கண்டுபிடித்தது' என்று எழுதுவது சரியல்ல.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப்படும் பகுதி, மாடல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பது அல்ல. ஒரே மாடலை அவர்கள் இரண்டு நிலைகளில் வைத்துக் காட்டியதுதான். மாடல் 'நோய் உண்டு, இல்லை' என்று நேரடியாகச் சொல்வதில்லை. நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஓர் அளவைத் தருகிறது. அந்த அளவு எதைத் தாண்டினால் நோயாளியை மருத்துவரிடம் அனுப்புவது என்ற எல்லைக் கோட்டை மனிதர்தான் போட வேண்டும். எல்லையை உயரத்தில் வைத்தபோது, சோதித்த ஒரு தொகுதியில், நோயுள்ளவர்களில் 90.3 விழுக்காட்டினரை மாடல் கண்டுபிடித்தது, நோயில்லாதவர்களில் 98.1 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிட்டது. எல்லையைத் தாழ்த்தியபோது முதல் எண் 97.5 ஆக உயர்ந்தது, இரண்டாவது 93.4 ஆகக் குறைந்தது.

இந்த நான்கு விழுக்காடுகளைப் படித்தவுடன் எந்த நிலை நல்லது என்று சொல்லிவிடக்கூடியவர்கள் குறைவு. எனவே இதைப் படமாக்குவோம். ஒரு தாளில் ஆயிரம் சிறு வட்டங்களை வரைந்து, ஒவ்வொன்றும் முகாமுக்கு வந்த ஒரு சர்க்கரை நோயாளி என்று கொள்ளலாம். கணக்கின் வசதிக்காக அவர்களில் 100 பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நிலையில் அந்த 100 பேரில் ஏறத்தாழ 10 பேர் மாடலின் கண்ணில் படாமல் தப்பிவிடுவார்கள். நோயில்லாத 900 பேரில் 17 பேர் வீணாக அலைக்கழிக்கப்படுவார்கள். இரண்டாம் நிலையில் தப்பிப்போவோர் இரண்டு மூன்று பேர்தான்; ஆனால் வீணாக அலைபவர் ஏறத்தாழ 59 பேர். தப்பிப்போனவர்களைக் கறுப்பிலும், வீணாக அலைந்தவர்களைச் சாம்பல் நிறத்திலும் தீட்டி, எல்லைக் கோட்டை நகர்த்த நகர்த்த எந்த வட்டம் நிறம் மாறுகிறது என்று திரையில் பார்க்கும்படி செய்தால், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அதன்பின் எழும் கேள்வி மருத்துவமும் அல்ல, கணிதமும் அல்ல. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தில் மதுரைக்கு வந்து 'ஒன்றுமில்லை, போய் வாருங்கள்' என்று கேட்டுத் திரும்புவது எவ்வளவு பெரிய இழப்பு? இன்னொருவர் கண்ணை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு? இதை எடைபோட மாடலுக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. சொல்லிக்கொடுக்கவும் கூடாது என்பது என் கருத்து. எடைபோடும் மனிதருக்கு இரண்டு தட்டுகளையும் கண்முன் வைப்பதுதான் படத்தின் வேலை.

2019இல் அரவிந்த், சங்கர நேத்ராலயா ஆகிய இரு மருத்துவமனைகளில் 3,049 நோயாளிகளிடம் இந்த முறை நேரடியாகச் சோதிக்கப்பட்ட முடிவுகளும் வெளியாயின. கையால் தரம் பிரிப்பதற்கு ஈடாகவோ மேலாகவோ மாடல் செயல்பட்டது.

இதுவரை படித்தவர், 'படமும் மாடலும் சேர்ந்தால் நன்மைதான்' என்ற முடிவுக்கு வந்திருப்பார். அங்கேதான் கவனம் தேவை. அதே 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், 10 கண் மருத்துவர்களிடம் 1,796 விழித்திரைப் படங்களைக் கொடுத்து மூன்று விதமாகத் தரம் பிரிக்கச் சொன்னார்கள். முதல் விதத்தில் எந்த உதவியும் இல்லை. இரண்டாவதில், நோயின் ஐந்து நிலைகளில் ஒவ்வொன்றுக்கும் மாடல் எவ்வளவு வாய்ப்பளிக்கிறது என்பது பட்டை வரைபடமாகக் காட்டப்பட்டது. மூன்றாவதில், அந்தப் பட்டைகளோடு, விழித்திரையின் எந்தப் பகுதிகளைக் கொண்டு மாடல் அந்த முடிவுக்கு வந்தது என்று நிறமிட்டுக் காட்டும் வெப்ப வரைபடமும் சேர்க்கப்பட்டது. கூடுதல் விளக்கம் கூடுதல் நன்மை தரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். பட்டைகள் மட்டும் காட்டப்பட்டபோது மருத்துவர்களின் துல்லியம் உயர்ந்தது. வெப்ப வரைபடமும் சேர்ந்தபோது, நோயுள்ள கண்களில் துல்லியம் உயர்ந்தது. நோயில்லாத கண்களில் அது குறைந்தது.

ஏன் அப்படி? எனக்குத் தோன்றும் காரணம் எளியது. 'எங்கே பார்த்தாய்?' என்று கேட்டால் வெப்ப வரைபடம் எப்போதும் ஏதாவது ஓர் இடத்தைக் காட்டியே தீரும். 'பார்ப்பதற்கு ஒன்றுமில்லை' என்று சொல்ல அதற்கு வழியில்லை. விளக்கு பிடித்துக் காட்டிய இடத்தில் ஏதோ இருக்க வேண்டும் என்று மனித மனமும் நம்பிவிடுகிறது. பட்டை வரைபடமோ, நான்கு நிலைகளில் குட்டையாகவும் 'நோயில்லை' என்ற நிலையில் நெடிதாகவும் நின்று, இல்லாததை இல்லை என்றே காட்டிவிடுகிறது.

இயந்திரம் சொன்னதை எண்ணிப் பாராமல் ஏற்கும் பழக்கத்துக்கு ஆய்வுலகில் 'தானியக்கச் சார்பு' என்று பெயர். மாறாக, ஒருமுறை தவறிய மாடலை அடுத்து நூறு முறை சரியாகச் சொன்னாலும் நம்ப மறுப்பதும் உண்டு. இரண்டுக்கும் ஓரளவு மருந்தாகத் திரையை அமைப்பவர் செய்யக்கூடிய ஒன்று, வரிசையை மாற்றுவது. முதலில் தரவை மட்டும் காட்டி, முடிவெடுப்பவர் தம் கருத்தைப் பதிந்தபின் மாடலின் கணிப்பைத் திறந்து காட்டினால், இரண்டும் வேறுபடும் இடங்கள் தாமாகவே வெளிச்சத்துக்கு வரும். மனிதரின் அனுபவம் மிகவும் வேண்டியிருப்பதும் அந்த இடங்களில்தான்.

எந்த வடிவில் வரைவது என்பதற்கும் ஆய்வு உண்டு. வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கில்லும் 1984இல், பொதுவான ஓர் அளவுகோலின் மீதுள்ள இடத்தையே மனிதக் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது என்றும், கோணம், பரப்பு, நிறச்செறிவு ஆகியவற்றை ஒப்பிடுவதில் தடுமாறுகிறது என்றும் காட்டினார்கள். வட்ட வரைபடத்தைவிடப் பட்டை வரைபடம் தெளிவாக இருப்பது அதனால்தான். நிறத்தை அளவு சொல்லப் பயன்படுத்தாமல், செயலைச் சொல்லப் பயன்படுத்துவது நலம். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் அப்படிப்பட்டவை: மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். ஆனால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் நம்மிடையே இருப்பதால், நிறத்தோடு சொல்லும் இருக்க வேண்டும்.

மாடல் எங்கே கண்மூடி நடக்கும் என்பதைக் காட்ட மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டைவிட நல்ல இடம் இல்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விலை, வரத்தையும் முகூர்த்தத்தையும் பொறுத்து ஆடுகிறது. பனிக்காலத்தில் செடி பூப்பது குறையும். வரத்துக் குறைந்து, அத்துடன் பொங்கலும் தை முகூர்த்தங்களும் சேர்ந்துகொண்டால், சில நூறு ரூபாய்க்குப் போன ஒரு கிலோ ஆயிரங்களைத் தாண்டும். கோடையில் பூ கொட்டிக் குவிந்தால் விலை சரிந்து, மீதி சென்ட் ஆலைக்குப் போகும். பறித்த மொட்டு மாலைக்குள் மலர்ந்துவிடுவதால், விவசாயிக்கு யோசிக்கக் கிடைப்பது சில மணி நேரமே. பல ஆண்டு விலைகளையும் பஞ்சாங்கத்து முகூர்த்த நாட்களையும் வெப்பநிலையையும் ஒரு மாடலுக்குக் கொடுத்தால், அது உருப்படியாகவே கணிக்கக்கூடும். சித்திரைத் திருவிழா வந்தால் விலை ஏறும் என்பதையும் கற்றுக்கொண்டிருக்கும்.

அந்த மாடலை 2020 சித்திரையில் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஆண்டு பெருந்தொற்று ஊரடங்கில் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்து இணையத்தில் ஒளிபரப்பானது. அழகர் வைகையில் இறங்கவில்லை. மண்டபங்களில் கூட்டமில்லை. மாடலோ நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல விலை ஏறும் என்று மிகுந்த உறுதியோடு சொல்லியிருக்கும். கமிஷன் கடையில் உட்கார்ந்திருக்கும் எவரும் சிரித்திருப்பார்கள். தான் பயின்ற காலத்தைப் போன்ற ஒரு நாள்தானா இது என்று மாடல் தானாகக் கேட்டுக்கொள்வதில்லை. எனவே நல்ல திரையில் கணிப்போடு கூட, 'இன்றைய நிலையை ஒத்த நாட்கள் என் பதிவில் இத்தனைதான் உள்ளன' என்று காட்டும் ஒரு சிறு வரைபடமும் இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை சுழியத்தை நெருங்கும்போது, பார்ப்பவர் மாடலை ஒதுக்கிவைத்துவிட்டுக் கமிஷன் கடைக்குப் போன் செய்யலாம்.

இப்போது உரையாடும் செயலிகளிடம் தமிழிலேயே 'போன வருட விலையை வரைந்து காட்டு' என்று கேட்டால் நொடியில் படம் கிடைக்கிறது. வசதிதான். ஆனால் எந்தத் தரவை எடுத்தது, விடுபட்ட நாட்களை என்ன செய்தது, செங்குத்து அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்கியதா என்பதைக் கேட்டுச் சரிபார்க்காமல் அந்தப் படத்தை நம்பக் கூடாது. பட்டை வரைபடத்தின் அச்சு 500இல் தொடங்கினால், 520க்கும் 560க்கும் இடையிலுள்ள வேறுபாடு மூன்று மடங்குபோலத் தோன்றும்.

மிக அரிதாக வரையப்படுவதும், என் பார்வையில் மிகவும் வேண்டியதும் ஒரு படம் உண்டு: மாடலின் பழைய கணிப்புகளை, பின்னர் நடந்ததோடு ஒப்பிட்டுக் காட்டுவது. 'மழைக்கு 70 விழுக்காடு வாய்ப்பு' என்று அது சொன்ன நாட்களை எல்லாம் திரட்டினால், அவற்றில் பத்துக்கு ஏழு நாளில் மழை பெய்திருக்க வேண்டும். பத்துக்கு நாலு நாள்தான் பெய்தது என்றால், இனிமேல் அது 70 என்று சொல்லும்போது நாம் 40 என்று கேட்டுக்கொள்ளலாம்.

இதை விளங்கிக்கொள்ளக் கணினிகூட வேண்டாம். நாளிதழின் அந்தச் சிறு பெட்டியிலிருந்து பத்து நாள் அணை மட்டத்தை வரைபடத் தாளில் குறித்து, மூன்று எச்சரிக்கைக் கோடுகளையும் போட்டு, பதினோராம் நாளுக்கு உங்கள் கணிப்பை ஒரு பட்டையாகப் பென்சிலில் தீட்டுங்கள். மறுநாள் உண்மையான புள்ளியைப் பேனாவில் வையுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்தபின், எத்தனை புள்ளிகள் பட்டைக்கு வெளியே விழுந்தன என்று எண்ணிப் பாருங்கள்.